கோர்ட்டில் கட்டிய பணம்

சமையலறை மட்டும் ஒழுகினால் பாத்திரம் வைத்துச் சமாளிக்கலாம். என் நாத்தனார் வீட்டிலோ மூன்று அறையும் ஒழுகிற்று. அதுவும் புது வீடு! கட்டிக் கொடுத்த காண்டிராக்டர் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். "விடாதீங்க அக்கா, கோர்ட்டுக்குப் போங்க" என்று தூபம் போட்டவள் நான்தான்.

நாலு லட்சம் நஷ்டஈடு கேட்டுக் கேஸ் போட்டார்கள். ஆறு மாதத்தில் காண்டிராக்டர் 2,25,000 ரூபாயைக் கோர்ட்டில் கட்டிவிட்டார். முழுக் கணக்குக்கும் அவ்வளவுதான் என்று நோட்டீஸும் வந்தது. "வாங்கிக்கிட்டு முடிச்சிடலாம்மா" என்றார் வக்கீல். அக்காவுக்கு மனசு ஒப்பவில்லை. எனக்கும்தான். "பயந்துதானே கட்டியிருக்கான்? இன்னும் கொஞ்சம் இழுத்தா மீதியும் வரும்" என்றேன். ஒரு பகுதி மட்டும் என்று சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டு, மீதிக்கு வழக்கை நடத்தினார்கள். மூன்று வருஷம் வாய்தா மேல் வாய்தா. கடைசியில் நஷ்டம் 2,10,000 ரூபாய்தான் என்று தீர்ப்பாயிற்று.

ஆனாலும் பணம் கிடைத்ததே, ஜெயித்த மாதிரிதானே என்று நினைத்தேன். பணம் கட்டிய நாளுக்குப் பிறகு காண்டிராக்டருக்கு ஆன வழக்குச் செலவை அக்கா கொடுக்க வேண்டும் என்று அதே தீர்ப்பில் இருந்தது! எனக்குத் தலை சுற்றியது.

வக்கீல்தான் பொறுமையாக விளக்கினார். பொதுவாகத் தோற்றவர்தான் செலவு கொடுப்பது. அப்படி இல்லையென்றால் ஜட்ஜ் காரணம் எழுத வேண்டும். ஆனால் 1908-ஆம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 24 என்று ஒன்று இருக்கிறது. கடன் அல்லது நஷ்டஈடு வழக்கில், எந்தக் கட்டத்திலும் பிரதிவாதி தனக்குச் சரியென்று படுகிற தொகையைக் கோர்ட்டில் கட்டலாம். நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து அந்தத் தொகைக்கு வட்டி கிடையாது. போதாது என்று நாம் வழக்கைத் தொடர்ந்து, கட்டியதே போதும் என்று கோர்ட் முடிவு செய்தால், அதற்குப் பிந்தைய செலவு நம் தலையில்தான். முந்தைய செலவிலும், நாம் அதிகமாகக் கேட்டதால் ஏற்பட்ட பங்கு நம்முடையதே. "இவ்வளவு தர்றேன்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னது இந்தக் கணக்கில் சேராது; பணம் கோர்ட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

அந்த விதியிலேயே ஓர் உதாரணம் உண்டு. கேட்டுக்கூடப் பார்க்காமல் 100 ரூபாய்க் கடனுக்கு ஒருவர் வழக்குப் போடுகிறார். கடன்காரர் உடனே பணத்தைக் கட்டிவிடுகிறார். வாதி அதை முழுசாக ஏற்றுக்கொண்டாலும் செலவு கிடையாது, வழக்கே அநாவசியம். அதே கடன்காரர் முதலில் மறுத்து வாதாடிவிட்டு அப்புறம் கட்டினால், செலவும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நம் பாட்டிகள் சொல்கிற நியாயம் மாதிரியே இல்லை?

இங்கிலாந்தில் 1975-இல் ஒரு தம்பதி வழக்கு. வசதி படைத்தவள் மனைவி. கணவனின் தாயார் குடியிருந்த 12,000 பவுன் பெறுமான வீட்டைத் தருகிறேன் என்றாள். அவர் மறுத்தார். கோர்ட் கொடுத்தது 10,000! அதன்பிறகுதான் அங்கே 'கால்டர்பேங்க் கடிதம்' வழக்கத்துக்கு வந்தது. இவ்வளவு தருகிறேன் என்று எழுதி வைப்பது. தீர்ப்பு வரும்வரை ஜட்ஜுக்குக் காட்டக்கூடாது, செலவு யார் தலையில் என்ற பேச்சு வரும்போதுதான் எடுத்துக் காட்டலாம். 2006 முதல் அங்கே பெரும்பாலான விவாகரத்துப் பண வழக்குகளில் அந்தக் கடிதம் செல்லுபடியாவதில்லை என்பது வேடிக்கை.

இன்னொன்று. கோர்ட் வாங்கித் தரும் செலவு விதிப்படி கணக்குப் போட்டதுதான். வக்கீலுக்கும் பஸ்ஸுக்கும் நாம் அழுததெல்லாம் அப்படியே திரும்பி வராது. அக்கா மூன்று வருஷம் அழுதது முழுக்க அவர் கைப்பணம்.

"கோர்ட்டில் பணம் கட்டிட்டாங்கன்னா நான் என்ன கேட்கணும்?" என்றேன் வக்கீலிடம். "எவ்வளவு வேணும்னு கேட்காதீங்க, எவ்வளவுக்குக் கையில் சாட்சியம் இருக்குன்னு கேளுங்க" என்றார். எங்களிடம் பில் இருந்தது இரண்டு லட்சத்துக்குத்தான்.

மேல்தளம் சரியாகிவிட்டது. அக்கா இன்றுவரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. போனால் அதே சிரிப்பு, அதே காபி. அதுதான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.