யூட்டாவின் ஆற்றங்கரைக் கால்நடைப் பண்ணைகள்

யூட்டாவின் ஆற்றங்கரைக் கால்நடைப் பண்ணைகள் என்பவை, அமெரிக்காவின் யூட்டா மாநிலத் தென்கிழக்குப் பகுதியில், செங்குத்துப் பள்ளத்தாக்குகளின் அடியில் ஓடும் ஆறுகளையும் ஓடைகளையும் ஒட்டி அமைந்துள்ள தனியார் நிலங்கள் ஆகும். இவை எண்ணிக்கையில் குறைவு. விற்பனைக்கு வருவதும் அரிது. விற்பனைக்கு வரும்போது தனிமையும் ஆற்றங்கரையுமே இவற்றின் முதன்மைச் சிறப்புகளாகக் கூறப்படுகின்றன. ஆனால் இப்பகுதியில் நிலம், நீர், மேய்ச்சல், கனிமம் ஆகியவை தனித்தனி உரிமைகளாகும். இவற்றுள் எவை கைமாறுகின்றன என்பதே ஒரு பண்ணையின் உண்மையான மதிப்பை முடிவு செய்கிறது.

நில அமைப்பு

இப்பகுதி கொலராடோ பீடபூமியைச் சேர்ந்தது. கொலராடோ, கிரீன், சான் வான் ஆகிய ஆறுகள் மணற்பாறை அடுக்குகளை அரித்து ஆழமான பள்ளத்தாக்குகளை உருவாக்கியுள்ளன. இங்குள்ள மோவாப் நகரில் ஆண்டு மழையளவு சுமார் 230 மில்லிமீட்டர் மட்டுமே. மழையை மட்டும் நம்பி இங்கு வேளாண்மை செய்ய இயலாது. பாறைச் சுவருக்கும் ஆற்றுக்கும் இடையே வண்டல் படிந்த குறுகிய சமநிலங்களே பயிரிட ஏற்றவை. இவற்றில் வாய்க்கால் பாசனத்தின் மூலம் குதிரைமசால் போன்ற தீவனப் பயிர்கள் வளர்க்கப்படுகின்றன.

குடியேற்றம்

1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டம், ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் வரை அரசு நிலம் பெற வழி செய்தது. மழை மிகுந்த பகுதிகளுக்குப் பொருந்திய இந்த அளவு வறண்ட மேற்குக்குப் பொருந்தவில்லை. கொலராடோ ஆற்றில் 1869இல் ஆய்வுப் பயணம் மேற்கொண்ட ஜான் வெஸ்லி பவல், 1878இல் அளித்த அறிக்கையில் இதைச் சுட்டிக்காட்டினார். மேய்ச்சல் பண்ணை ஒன்றுக்கு 2,560 ஏக்கர் தேவை என்றும், ஒவ்வொரு பண்ணைக்கும் நீர் கிடைக்கும்படி நில எல்லைகளை வகுக்க வேண்டும் என்றும் அவர் பரிந்துரைத்தார். அப்பரிந்துரை ஏற்கப்படவில்லை.

ஆற்றங்கரையில் இருப்பது மட்டுமே போதாது என்பதற்கு பிளஃப் என்னும் ஊர் தொடக்க காலச் சான்றாகும். 1880இல் சான் வான் ஆற்றங்கரையில் குடியேறிய மார்மன் சமயத்தினர் வெட்டிய வாய்க்கால்களை வெள்ளம் மீண்டும் மீண்டும் அழித்தது. இதனால் அவர்களில் பலர் பயிர்த்தொழிலிலிருந்து கால்நடை வளர்ப்புக்கு மாறினர்.

நீர் உரிமை

கிழக்கு அமெரிக்க மாநிலங்களில் ஆற்றங்கரை நிலத்தின் உரிமையாளருக்கு ஆற்று நீரைப் பயன்படுத்தும் உரிமை உண்டு. யூட்டாவில் அந்த முறை இல்லை. இங்கு நீர் முழுவதும் பொதுமக்களுக்குச் சொந்தம். அதைப் பயன்படுத்தும் உரிமை மட்டுமே தனியாருக்கு வழங்கப்படுகிறது. முதலில் நீரைப் பயன்படுத்தத் தொடங்கியவருக்கே முதல் உரிமை. பற்றாக்குறை ஆண்டில் பழைய உரிமையாளர் தம் பங்கை முழுவதும் பெற்ற பிறகே அடுத்தவரின் முறை வரும். ஆகவே நீர் உரிமை ஆவணத்தில் உள்ள தேதி, அதிலுள்ள அளவைப் போலவே முக்கியமானது.

நீர் உரிமையை நிலத்திலிருந்து பிரித்தும் விற்கலாம். தொடர்ந்து ஏழு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத உரிமை பறிபோகவும் கூடும். எனவே வீட்டு வாசலில் ஆறு ஓடினாலும், அதிலிருந்து வயலுக்கு நீர் பாய்ச்ச உரிமை இல்லாத பண்ணை இருக்க முடியும்.

ஆற்றுப்படுகையும் கரை உரிமையாளருக்குச் சொந்தமாக இருப்பதில்லை. 1931இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கப்பல் போக்குவரத்துக்கு ஏற்ற கிரீன், கொலராடோ ஆற்றுப் பகுதிகளின் படுகை யூட்டா மாநிலத்துக்கே சொந்தம் எனத் தீர்ப்பளித்தது.

மேய்ச்சலும் கனிமமும்

யூட்டா நிலப்பரப்பில் பாதிக்கும் மேற்பட்டது கூட்டரசுக்குச் சொந்தமானது. பண்ணையின் சொந்த நிலம் சில நூறு ஏக்கராக இருக்க, அதன் கால்நடைகள் சுற்றியுள்ள பல ஆயிரம் ஏக்கர் அரசு நிலத்தில் மேய்வதுண்டு. 1934ஆம் ஆண்டின் டெய்லர் மேய்ச்சல் சட்டம் இதை உரிம முறைக்குள் கொண்டுவந்தது. உரிமம் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு வழங்கப்படுகிறது. அதைப் பெற, அடிப்படையாக ஒரு தனியார் நிலமோ நீர் ஆதாரமோ இருக்க வேண்டும். விளம்பரங்களில் இந்த மேய்ச்சல் பரப்பும் சேர்த்துச் சொல்லப்படலாம். ஆனால் அது வாங்குபவரின் சொத்தாவதில்லை.

1916ஆம் ஆண்டின் கால்நடை வளர்ப்புக் குடியேற்றச் சட்டப்படி வழங்கப்பட்ட நிலங்களில் மேற்பரப்பு மட்டுமே தனியாருக்குரியது. அடியிலுள்ள கனிமங்களை அரசு தன்வசம் வைத்துக்கொண்டது. இத்தகைய நிலத்தில் பிறர் அரசிடம் குத்தகை பெற்று எண்ணெய்க் கிணறு தோண்டவும் இடமுண்டு.

டகவுட் பண்ணை

இந்தியன் கிரீக் ஓடையை ஒட்டியுள்ள டகவுட் பண்ணை இப்பகுதியின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. இது கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குச் செல்லும் வழியில் உள்ளது. 5,000 ஏக்கருக்கும் மேற்பட்ட இதன் நிலத்தை 1997இல் 'தி நேச்சர் கன்சர்வன்சி' என்னும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வாங்கியது. நிலம் மனைகளாகப் பிரிக்கப்படுவது இதனால் தவிர்க்கப்பட்டது. கால்நடை வளர்ப்பு அங்கு தொடர்ந்தது. பின்னர் அங்கு அமைக்கப்பட்ட ஆய்வு மையம், வறட்சியும் மேய்ச்சலும் நிலத்தில் ஏற்படுத்தும் மாற்றங்களை ஆராய்ந்து வருகிறது.

விற்பனையின் விளைவுகள்

இத்தகைய பண்ணைகளின் விற்பனை, வாங்குபவரையும் விற்பவரையும் மட்டும் பாதிப்பதில்லை. பரந்த வறண்ட நிலத்தில் நீர் கிடைக்கும் இடங்கள் சிலவே என்பதால், காட்டு விலங்குகளும் பறவைகளும் இதே கரைகளைச் சார்ந்துள்ளன. கரை நிலம் விடுமுறை இல்லங்களாகப் பிரிக்கப்பட்டால், மேய்ச்சல் உரிமத்துக்கான அடிப்படையும் வயலுக்கான நீரும் பண்ணையை விட்டுப் பிரிய நேரலாம். இதைத் தடுக்கும் வழிகளில் ஒன்று பாதுகாப்பு ஒப்பந்தம். இதன்படி உரிமையாளர் நிலத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, அதில் கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் ஓர் அறக்கட்டளைக்கு விற்கவோ கொடையாக அளிக்கவோ செய்கிறார். நிரந்தரமாகச் செய்யப்படும் இவ்வொப்பந்தம் அடுத்து வாங்குபவரையும் கட்டுப்படுத்தும்.