உறைபனியும் உலர்புல்லும்

கனடாவின் மேற்குச் சமவெளிகளில் குளிர்காலம் மிகக் கொடியது. உறைநிலைக்குக் கீழே 30 பாகை செல்சியஸ் வரை வெப்பநிலை இறங்கும் இரவுகள் அங்கு உண்டு. மேய்ச்சல் நிலங்கள் யாவும் பனியுள் மறைந்துவிடும். அத்தகைய இரவுகளிலும் திறந்த வெளியில் நின்றே உயிர்தரிக்கும் குதிரைகள் பல. இஃது எவ்வாறு இயலுகின்றது?

முதற் காரணம் உரோமம். குளிர் தொடங்குமுன்னரே குதிரையின் உடலில் அடர்ந்த உரோமம் வளர்ந்துவிடுகின்றது. முதுகில் விழுந்த பனி உருகாது கிடக்குமாயின், உடலின் வெப்பம் வெளியேறவில்லை என்பதே பொருள். ஆனால், உரோமம் வெப்பத்தைக் காக்குமேயன்றி உண்டாக்காது. உண்டாக்குவது உலர்புல்.

உலர்புல் வேறு, வைக்கோல் வேறு. வைக்கோல் என்பது கதிரை நீக்கியபின் எஞ்சும் தாள். உலர்புல்லோ முற்றுமுன் கொய்து வெயிலில் உலர்த்தப்படுவது. ஆதலாற் சத்து மிக்கது.

குதிரையின் இரைப்பை சிறியது. பெருங்குடலோ மிகப் பெரியது. அங்கு வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் புல்லின் நாரை நொதிக்கச் செய்கின்றன. அந்நொதித்தலின்போது, உடலுக்கு வேண்டிய சத்துடன் வெப்பமும் பிறக்கின்றது. குதிரை தன் கணப்பை வயிற்றுக்குள்ளேயே சுமந்து நிற்கின்றது எனலாம். அக்கணப்புக்கு விறகு உலர்புல்லே. தானியத்தை மிகுதியாகக் கொடுத்தால் உடல் சூடேறும் எனச் சிலர் எண்ணுவர். தானியம் பெரும்பாலும் சிறுகுடலிலேயே செரித்துவிடுவதால் அதனாற் பிறக்கும் வெப்பம் குறைவு. திடீரெனத் தானியத்தைக் கூட்டுவது வயிற்றுநோவுக்கும் இடமாகும்.

500 கிலோகிராம் எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 கிலோகிராம் உலர்புல் வேண்டும். குளிருக்குப் பழகிய குதிரை உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 15 பாகை வரை மேலதிக உணவின்றித் தாங்கும். அதற்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு பாகைக்கும் உணவை நூற்றுக்கு 2 பங்கு வீதம் கூட்டுதல் வேண்டும். எனவே, 25 பாகைக் குளிரில் ஏறக்குறைய 2 கிலோகிராம் புல் கூடுதலாகத் தேவைப்படும். மழையில் உரோமம் நனைந்து காற்றும் வீசினால், உறைநிலைக்கு மேற்பட்ட குளிரிலேயே குதிரை நடுங்கத் தொடங்கிவிடும்.

புல்லை மட்டும் இட்டால் போதாது. உலர்புல்லில் நீர் மிகச் சிறிதே உண்டு. குதிரைக்கு நாளொன்றுக்கு 25 லீற்றருக்குக் குறையாத நீர் வேண்டும். தொட்டி உறைந்துவிட்டால் குதிரை நீரருந்துவதைக் குறைத்துக்கொள்ளும். உண்ட புல் குடலில் இறுகி அடைத்துக்கொள்ளும். குதிரையால் வாந்தியெடுக்க இயலாது. ஆதலால் இவ்வடைப்பு உயிரையே பறிக்கவுங்கூடும். பனிக்கட்டியை உடைத்து, நீரைச் சற்றுச் சூடாக்கி வைப்பது புல்லிடுவதைப் போலவே இன்றியமையாதது.

கடுங்குளிரில் கண்ணை நம்புதலும் ஆகாது. அடர்ந்த உரோமம் மெலிவை மறைத்துவிடும். ஆகவே, அனுபவமிக்க வளர்ப்பாளர் தம் கையுறையைக் கழற்றி, உரோமத்துள் விரல்களைச் செலுத்தி, விலா எலும்புகளைத் தடவிப் பார்ப்பர். எலும்பு துருத்தி நிற்குமாயின், அன்றிரவே புல்லின் அளவு கூடும்.