அப்பாவின் வண்டி ரேஸராக மாறலாம்... அம்மா எங்கே உட்காருவார்?

மாடிப்படிக்குக் கீழே கிழிந்த தார்ப்பாய் போர்த்தி ஒரு வண்டி நிற்கும். ஓசூர்ப் பக்கம் பல வீடுகளில் பார்க்கலாம். யெஸ்டியாக இருக்கும், புல்லட்டாக இருக்கும், இல்லையென்றால் ஆர்.எக்ஸ். 100. சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து அப்பா வீடு திரும்பிய வண்டி. டேங்க் மேல் ஒரு பிள்ளை, பின் சீட்டில் அம்மா, அம்மா மடியில் இன்னொரு பிள்ளை என்று சந்திரசூடேஸ்வரர் தேருக்குப் போய்வந்த வண்டி.

இப்போது அந்த டேங்க் பிள்ளைக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஒருநாள் போனில் ஒரு படம் பார்க்கிறார். தாழ்ந்த ஹேண்டில்பார், நீண்ட டேங்க், முதுகில் திமில் வைத்ததுபோல் ஒற்றை சீட், மட்கார்டே இல்லாத பின்சக்கரம். 'கஃபே ரேஸர்' என்று பெயர் போட்டிருக்கிறது. 'நம்ம வண்டியை இப்படி மாத்தினா என்ன?' என்று தோன்றிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை தார்ப்பாயை இழுத்துப் போடுகிறார்.

மாற்றலாம். ஆனால் ஆக்ஸா பிளேடைக் கையில் எடுக்கும் முன் கொஞ்சம் பேசவேண்டியிருக்கிறது.

டீக்கடையில் பிறந்த ரேஸ் வண்டி

லண்டனின் நார்த் சர்க்குலர் சாலையில் 1938-ல் 'ஏஸ் கஃபே' திறந்தார்கள். லாரி டிரைவர்கள் சாப்பிட நிறுத்தும் இடம். போரில் குண்டு விழுந்து இடிந்து, 1949-ல் மறுபடி எழுந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் மோட்டார் சைக்கிள் பையன்கள் அங்கே கூடினார்கள். மணிக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுவதுதான் அவர்களுடைய கனவு. புதிய ரேஸ் வண்டி வாங்கக் காசு இல்லை. அதனால் கையில் இருந்த வண்டியிலிருந்து தேவையில்லாததையெல்லாம் கழற்றி எறிந்தார்கள். எடை குறைந்தது. காற்றைக் கிழிக்க உடம்பைக் குனிய வைத்தார்கள், அதற்காக ஹேண்டில்பார் கீழே இறங்கியது, ஃபுட்ரெஸ்ட் பின்னால் போனது. அழகுக்காகச் செய்ததில்லை. அழகு தானாக வந்து சேர்ந்தது.

அந்தக் காலத்துப் பையன்களின் பெருங்கனவு 'டிரைட்டன்'. ட்ரையம்ஃப் இன்ஜினை நார்ட்டன் சேஸிஸில் உட்கார வைத்த கலப்பு வண்டி அது. 1950-ல் நார்ட்டன் ரேஸ் வண்டிகளுக்காக மெக்கேண்ட்லஸ் சகோதரர்கள் வடிவமைத்த அந்தச் சேஸிஸ், வளைவுகளில் வண்டியை அவ்வளவு உறுதியாகப் பிடித்து வைக்கும். ஓட்டிப் பார்த்த ஹெரால்டு டேனியல் என்ற ரேஸர், இறகு மெத்தையில் உட்கார்ந்ததுபோல் இருக்கிறது என்றாராம். 'ஃபெதர்பெட்' என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

இதை ஓசூர்க்காரர்கள் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டே படிக்கலாம். 1898-ல் பர்மிங்ஹாமில் தொடங்கிய அந்த நார்ட்டன், 2020 ஜனவரியில் கடனில் மூழ்கியது. ஏப்ரலில் 1.6 கோடி பவுண்டுக்கு அதை வாங்கியது யார் தெரியுமா? ஓசூரில் தொழிற்சாலை நடத்தும் டி.வி.எஸ். மோட்டார். 1980-ல் இந்தத் தொழிற்சாலையிலிருந்து முதலில் வெளியே வந்த வண்டி டி.வி.எஸ். 50. இருவர் உட்காரும் இந்தியாவின் முதல் மொபெட் என்ற பெருமை அதற்கு உண்டு. ஒருவர் மட்டும் உட்காரும் கஃபே ரேஸருக்குச் சேஸிஸ் தந்த கம்பெனியை, இருவர் உட்காரும் மொபெட் கம்பெனி வாங்கியிருக்கிறது!

சென்னைக்கும் பங்கு உண்டு. இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு 1960-களில் விற்ற 'கான்டினென்டல் ஜி.டி. 250' பெயரை, 2013-ல் 535 சி.சி. வண்டியாகவும் 2018-ல் 650 சி.சி. வண்டியாகவும் திரும்பக் கொண்டுவந்தது நம் ராயல் என்ஃபீல்டுதான். ஷோரூமிலேயே கஃபே ரேஸர் கிடைக்கிறது. இருந்தாலும் அப்பா வண்டியை மாற்றிய திருப்தி அதில் வராது என்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

வெட்டாதீர்கள், கழற்றுங்கள்

பழைய வண்டியை மாற்றுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, போல்ட்டைக் கழற்றி வேறொன்றை மாட்டுவது. இன்னொன்று, வெட்டி வெல்டு வைப்பது. வீட்டில் செய்பவர்கள் முதல் வகையோடு நின்றுகொள்வது நல்லது.

ஒற்றை சீட்டு வைக்கச் சேஸிஸின் பின்பகுதியை அறுத்து, வளைந்த பைப்பை வெல்டு வைக்கும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. பின் ஷாக் அப்சார்பர் மேலே பிடித்திருப்பது அந்தப் பகுதியில்தான். பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் ஓட்டுபவரின் எடை முழுக்க அங்கேதான் இறங்கும். கேட்டும் கிரில்லும் செய்யும் பட்டறையில் கொடுத்து அந்த இடத்தில் வெல்டு வைப்பது, முதுகெலும்பு ஆபரேஷனைத் தையல்காரரிடம் கொடுப்பதுபோல. விரிசல் விட்டால் நெடுஞ்சாலையில்தான் தெரியும்.

முதல் மாதம் அழகு வேலையே வேண்டாம். கழற்றுவதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் தனிக் கவரில் போட்டு, எந்த இடத்துடையது என்று எழுதி வையுங்கள். கோன் செட், ஸ்விங் ஆர்ம் புஷ், முன் ஃபோர்க் ஆயில் சீல், பிரேக் ஷூ, சக்கரத்தின் பேரிங், கோட்டம். இவற்றைச் சரிசெய்தாலே வண்டி பாதி இளமையாகிவிடும். பிரேக் டிரம் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்க வேண்டும். இந்த விஷயத்தில் ஓசூர் கொடுத்துவைத்த ஊர். பெரிய தொழிற்சாலைகளுக்கு உதிரி பாகம் செய்யும் சிறு பட்டறைகளில், நூலளவு பிசகாமல் புஷ் கடைந்து தரும் கைகள் இருக்கின்றன. கிடைக்காத சாமானுக்குப் பெங்களூரு ஜே.சி. ரோடு ஒரு பஸ் தூரம்.

அடுத்து ஹேண்டில்பார். தாழ்ந்த பாரை மாட்டியதும் இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். விரல் டேங்கில் இடித்தால், நெரிசலில் யூ டர்ன் போடும்போது கட்டை விரல் நசுங்கும். பழைய கிளட்ச், ஆக்ஸிலரேட்டர் கேபிள்கள் இப்போது நீளமாகிவிடும். சுருண்டு நின்றால், ஹேண்டிலைத் திருப்பும்போது ஆக்ஸிலரேட்டர் தானே ஏறும். சிரிப்பான விஷயமில்லை.

ஃபுட்ரெஸ்டைப் பின்னால் தள்ளுவது வண்டிக்கு வண்டி வேறு தலைவலி. மைசூரில் பிறந்த யெஸ்டியில் கியர் லீவரும் கிக்கரும் ஒன்றே. உள்ளே அழுத்தி மேலே தூக்கினால் கிக்கர், விட்டால் கியர். கியருக்கு நீளக் கம்பி இணைத்தால் கிக்கர் போடும் வழி அடைபட்டுப்போகும். பழைய புல்லட்டில் கியர் வலதுகாலில், பிரேக் இடதுகாலில். இரண்டுக்கும் கம்பி இணைப்பு செய்ய வேண்டும். இந்த இரண்டு வண்டிகளிலும் ஃபுட்ரெஸ்டை அதன் இடத்திலேயே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. பார்க்கக் கொஞ்சம் அழகு குறையும். தினமும் ஸ்டார்ட் ஆகும்.

சைலன்சருக்கும் ஒரு வார்த்தை. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் சைலன்சர் வெறும் புகைக்குழாய் கிடையாது. அதன் வடிவத்தில் பட்டுத் திரும்பும் அழுத்த அலைதான் எரியாத பெட்ரோலை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. குட்டையான குழாயை மாட்டினால் சத்தம் ஏறும், இழுவை இறங்கும். சூளகிரி மேட்டில் பஸ் உங்களை முந்திக்கொண்டு போகும்.

பழைய வண்டிகள் பலவற்றில் மின்சாரம் 6 வோல்ட். கடையில் கிடைக்கும் 12 வோல்ட் எல்.இ.டி. விளக்கை அப்படியே மாட்டினால் சரியாக எரியாது. டேங்க்கில் பெட்ரோலைக் கொட்டிவிட்டாலும் உள்ளே ஆவி இருக்கும். அதன் அருகே வெல்டிங் நெருப்பைக் கொண்டுபோகவே கூடாது.

ஆர்.சி. புக் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தெளிவாக இருக்கிறது. கம்பெனி குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின் 182ஏ பிரிவில், விதியை மீறி மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று எழுதியிருக்கிறது. நிறத்தை மாற்றினால்கூட முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆர்.சி.யில் நிறமும் ஒரு விவரம்.

ஓசூரில் இன்னொரு சிக்கல். பெங்களூரில் மலிவாகக் கிடைத்தது என்று பழைய வண்டியை ஜூஜூவாடி தாண்டிக் கொண்டுவந்துவிடுவார்கள். கர்நாடகப் பதிவெண்ணோடு இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், தடையில்லாச் சான்று வாங்கி நம் மாநிலத்தில் மறுபதிவு செய்ய வேண்டும். 15 ஆண்டு தாண்டியதால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். அப்போது வண்டியைப் பார்வைக்குக் காட்ட வேண்டும். சேஸிஸ் நம்பர் பொறித்த இடத்தைக் கிரைண்டரோ பவுடர் கோட்டிங்கோ அழித்திருந்தால் கதை முடிந்தது. அப்பா காலமாகி வண்டி அவர் பெயரிலேயே இருந்தால், வாரிசுகள் படிவம் 31 கொடுத்து முதலில் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்பேனர் எல்லாம் அதற்கப்புறம்.

இந்த வேலையில் நிஜமாகவே மனம் பதறும் விஷயம் ஒன்று இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு 'வின்டேஜ்' வாகன விதியைக் கொண்டுவந்தது. 50 ஆண்டைத் தாண்டிய வண்டிக்கு 'வி.ஏ.' என்ற தனி வரிசையில் பதிவெண் கிடைக்கும், புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். நிபந்தனை என்னவென்றால், வண்டி பெருமளவு மாற்றப்படாமல் அதன் மூல வடிவிலேயே இருக்க வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் வந்த யெஸ்டியோ ஜாவாவோ உங்கள் வீட்டில் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்சேஸிஸை அறுப்பது அந்தத் தகுதியையும் சேர்த்து அறுப்பதுதான். அப்படிப்பட்ட வண்டியைத் தொடவே வேண்டாம். துடைத்து, பிறந்தபடியே நிறுத்துங்கள். ரேஸர் ஆசைக்கு, கூட்டம் கூட்டமாக ஓடிய, சாமான் கிடைக்கும் ஒரு பிந்தைய மாடலைத் தேடிக்கொள்ளலாம்.

கடைசியாக அம்மா விஷயம். மத்திய மோட்டார் வாகன விதி 123, பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், துணி சிக்காமல் பின்சக்கரத்தில் பாதியளவாவது மறைக்கும் தடுப்பு மூன்றும் வேண்டும் என்கிறது. நாம் சாரி கார்டு என்கிறோமே, அதுதான். கஃபே ரேஸர் என்றதும் முதலில் குப்பைக்குப் போவது இந்த மூன்றும்தான். கண்ணாடியும் இண்டிகேட்டரும் அதற்கு அடுத்து.

இதற்கு ஒரு வழி உண்டு. நீள சீட்டின் பழைய தகட்டை அப்படியே வைத்துக்கொண்டு, ஸ்பாஞ்சை மட்டும் தாழ்வாக வெட்டித் தைத்து, பின்பகுதிக்கு மேலே கழற்றி மாட்டும் ஃபைபர் திமில் ஒன்று செய்யுங்கள். நின்றிருக்கும்போது ரேஸர்போலத் தெரியும். இரண்டு போல்ட்டைக் கழற்றினால் திமில் கையோடு வந்துவிடும், கீழே இருவருக்கான சீட் இருக்கும். சாரி கார்டு அதன் இடத்திலேயே இருக்கட்டும், கறுப்புப் பெயின்ட் அடித்தால் கண்ணை உறுத்தாது. கழற்றிய பழைய ஹேண்டில்பார், சைலன்சர், மட்கார்டு எல்லாவற்றையும் எண்ணெய் தடவி, சாக்கில் கட்டிப் பரண்மேல் போடுங்கள். 'இதெல்லாம் எதுக்குடா இன்னும்?' என்று வீட்டில் கேட்பார்கள். பழைய இரும்புக்காரர் வாசலுக்கு வரும் நாளில் மட்டும் நீங்கள் வீட்டில் இருந்துகொள்ளுங்கள்.