முற்றத்துக் கோழி – 11: டப்பாவின் பூர்வீகம்

போன மாதம் திருத்தங்கல்லில் ஒரு பழைய சாமான் கடைக்குப் போயிருந்தேன். கோழிகளுக்குத் தண்ணீர் வைக்க அகலமாக ஏதாவது கிடைக்குமா என்று கேட்டதும், கடைக்காரத் தம்பி உள்ளேயிருந்து ஒரு நீல நிற டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தார்.

"பாதியா அறுத்துத் தாரேன் அண்ணாச்சி. ரெண்டு தொட்டி ஆயிரும். உங்க ஆயுசுக்கும் கெடக்கும்."

"இதுல முன்னாடி என்ன இருந்துச்சு தம்பி?"

"பயராபீஸ் டிரம்மு. என்ன இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? சோப்புப் போட்டுக் கழுவுனா போயிரும். கோழிக்குத்தான?"

பயராபீஸ் என்றால் எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலை. மூடியைத் திருகிப் பார்த்தேன். மரையின் இடுக்கில் வெள்ளையாகத் தூள் அப்பியிருந்தது. வெடியுப்பாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். அந்த நிறத்தில் இந்த ஊரில் பல சரக்கு உண்டு.

கோழிக்கு எந்தப் பாத்திரம் நல்லது என்று கேட்டால் மண், எவர்சில்வர், பிளாஸ்டிக் என்று வரிசையாகச் சொல்லிவிடலாம். வேறு ஊர்களில் அது போதும். எங்கள் பக்கம் அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: இந்த டப்பாவின் பூர்வீகம் என்ன? 1920-களில் எங்கள் பக்கத்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த நாள் முதல், தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று மூன்று தொழிலும் இந்த வட்டாரத்தில் வேரூன்றிவிட்டன. தொழில் கழித்துப்போடும் டிரம், டின், சாக்கு எல்லாம் கடைசியில் வந்து சேருமிடம் பழைய சாமான் கடை. அங்கிருந்து நம் முற்றம்.

பச்சை உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டாசில் பச்சை வெளிச்சம் தருகிற பேரியம் நைட்ரேட்டுக்கு இங்கே அதுதான் பெயர். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை போட்டது. அந்த வழக்கு காற்று மாசைப் பற்றியது, கோழியைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை. ஆனால் பேரியம் கார்பனேட் எலி மருந்தாகவே விற்ற சரக்கு. தண்ணீரில் கரைகிற பேரியம் உடம்புக்குள் போனால் ரத்தத்திலுள்ள பொட்டாசியம் சரியும், தசைகள் செயலிழக்கும். ஒன்றரைக் கிலோ எடையுள்ள கோழிக்கு எவ்வளவு போதும் என்று சோதித்துப் பார்க்கிற ஆசை எனக்கில்லை.

கழுவினால் போகாதா என்பீர்கள். கரைகிற உப்பு பெரும்பாலும் போய்விடும்தான். ஆனால் அந்தத் தண்ணீரை எங்கே ஊற்றுவீர்கள்? முற்றத்து ஓரத்தில். மறுநாள் அந்த ஈர மண்ணைத்தான் கோழி முதலில் சீய்க்கும். உள்ளே இருந்தது எண்ணெய்ப் பசையுள்ள சரக்கு என்றால் பிளாஸ்டிக் அதைக் குடித்து வைத்திருக்கும், சோப்பால் ஆவதில்லை.

அச்சகத்து மை டின்னும் இப்படித்தான். வட்டமாக, தாழ்வாக, கோழிக்கென்றே செய்ததுபோல் இருக்கும். வேண்டாம். மூடி வெட்டிய விளிம்பு கொண்டையையும் தாடியையும் கிழிக்கும் என்பது இருக்கட்டும், அடியில் காய்ந்து பிடித்த மையைக் கோழி விட்டுவைக்காது.

இங்கே கோழியின் சுபாவத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதற்குப் பல் இல்லை. பொடிக்கல்லைப் பொறுக்கி விழுங்கி, அரைவைப்பையில் வைத்துக்கொண்டு, தானியத்தை அதனோடு சேர்த்து அரைக்கிறது. ஆகவே மினுங்குகிற எந்தத் துணுக்கும் அதன் கண்ணுக்குக் கல்தான். பழைய பெயிண்ட் டப்பாவிலோ, பெயிண்ட் அடித்த தகரத் தட்டிலோ தீனி போட்டால், உரிந்த பெயிண்ட் செதிலும் உள்ளே போகும். வீட்டுப் பெயிண்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் எவ்வளவு இருந்ததோ! செதில் அரைவைப்பையில் கல்லோடு சேர்ந்து அரைபடும், காரீயம் ரத்தத்தில் கலக்கும், கொஞ்சம் எலும்பில் தங்கும், கொஞ்சம் மஞ்சள் கருவில் இறங்கும். கோழி வாடாமல் திரியும், முட்டையும் இடும். அந்த முட்டையை அவித்துப் பேரப்பிள்ளைக்குக் கொடுப்போம். "கோழிக்குத்தான" என்ற பேச்சு எனக்குப் பிடிக்காததற்கு இதுதான் காரணம்.

பிவிசி குழாயை நெடுக்குவாட்டில் பிளந்து தீனித் தொட்டி செய்வது இப்போது எல்லா ஊரிலும் பழக்கமாகிவிட்டது. அந்தக் குழாய்களில் காரீயச் சேர்மம் கலப்பதை நிறுத்தச் சொல்லி மத்திய அரசு விதி கொண்டுவந்ததே 2021-இல்தான். இடித்த வீட்டிலிருந்து எடுத்த பழைய குழாய் என்றால் தள்ளி வையுங்கள். தெர்மாகோல் பெட்டி பக்கமே போக வேண்டாம். கோழிக்கு அதைக் கொத்தித் தின்பதில் என்னதான் ருசியோ, பெட்டியே தீர்ந்துபோகும். டயர் தொட்டியில் தண்ணீர் வைத்தால் சித்திரை வெயிலில் கை வைக்க முடியாத அளவு சுடும்.

துத்தநாகம் பூசிய வாளியில் வெறும் தண்ணீர் வைக்கலாம். நாம் வைப்பது பெரும்பாலும் வெறும் தண்ணீர் இல்லையே! புளித்த கஞ்சி, மோர், நீச்சத்தண்ணி. புளிப்பு பட்டால் துத்தநாகம் கரையும், பறவைகளுக்கு அது ஆகாது. ஈயம் பூசாத பித்தளையில் மோர் வைத்தால் களிம்பு ஏறும் என்பதை வீட்டுப் பெரியவர்களே சொல்வார்கள்.

அப்புறம் எதில்தான் வைப்பது? மண்சட்டியில். கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். 40 டிகிரி வெயிலில் தண்ணீர் சுட்டால் குடிப்பதைக் குறைக்கும், முட்டையும் குறையும். மண்சட்டியின் சுவரில் கசிந்து ஆவியாகிற ஈரம் உள்ளே இருப்பதைக் குளிர வைக்கிறது. மானாமதுரைச் சட்டி கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் உள்ளூர் வேளாரிடம் வாங்குங்கள். பூ வேலை, பெயிண்ட் எதுவும் இல்லாததாக இருக்கட்டும். இரண்டாக வாங்குங்கள். ஒன்று புழக்கத்தில் இருக்கும்போது மற்றதைச் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்து வைக்கலாம். மண் பாசியைப் பிடித்துக்கொள்ளும், காயவிட்டால்தான் சரியாகும்.

எங்கள் வீட்டில் அம்மியும் ஆட்டுக்கல்லும் ஓய்வு பெற்றுப் பல வருஷமாகிறது. ஆட்டுக்கல் குழியில் தண்ணீர் நிற்கும். பெட்டைகள் அதில் வாய் வைத்து, தலையை அண்ணாந்து விழுங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சாயாது, துருப்பிடிக்காது. ஆனால் குஞ்சு விழுந்தால் ஏற முடியாது. ஒரு குஞ்சை அப்படி இழந்த பிறகு குழியில் கூழாங்கல் நிரப்பிவிட்டேன். குஞ்சுக்கு அதையும் நம்புவதில்லை, சிரட்டையில் அரை விரற்கடைத் தண்ணீர் போதும்.

தீனிச் சட்டியின் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்துக்கு இருக்கட்டும். ரெண்டு செங்கல் அடுக்கி ஏற்றலாம். தாழ்ந்திருந்தால் உள்ளே ஏறி நின்று சீய்க்கும், எச்சமிடும். ரத்தக் கழிச்சல் பரவுகிற வழி அந்த எச்சம்தான். நனைந்த குருணையை ராத்திரிக்கு மிச்சம் வைக்காதீர்கள். பூஞ்சை பிடித்த தீனி ஈரலைக் கெடுக்கும்.

கரையான் பிடிக்கிற பானை பற்றியும் சொல்ல வேண்டும். ஓட்டைப் பானையில் காய்ந்த சாணியும் கிழிந்த சாக்கும் திணித்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் புற்று மண் பக்கம் கவிழ்த்து வைத்தால், விடியும்போது பானை நிறையக் கரையான். குஞ்சுகளுக்கு அதைவிடப் பெரிய விருந்து இல்லை. ஆனால் அந்தச் சாக்கு எங்கிருந்து வந்தது? உர மூட்டையோ, மருந்துச் சரக்கு வந்த சாக்கோ என்றால் கரையானோடு அதுவும் குஞ்சின் வயிற்றுக்குப் போகும். பருப்பு, அரிசி வந்த சணல் சாக்காகப் பாருங்கள்.

கடைக்காரத் தம்பியிடம் டிரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ரெண்டு மண்சட்டி வாங்கி வந்தேன். உங்கள் வீட்டுக் கோழி எதில் தண்ணீர் குடிக்கிறது, அந்தப் பாத்திரத்தில் முன்பு என்ன இருந்தது என்று இன்றைக்கு ஒருமுறை பார்த்துவிடுங்கள். தெரியவில்லை என்றால் மாற்றிவிடுங்கள்.

(அடுத்த வாரம்: அடை வைக்கும் கூடை)