வாடகைப் பணத்தில் ஒரு கேபிள்!

'இந்த யு.எஸ்.பி. கேபிள் போட்டுக் கேளுங்க சார்... வீணைத் தந்தி ஒவ்வொண்ணும் தனியாத் தெரியும்!' என்பார் கடைக்காரர். விலை? உங்கள் ஒரு மாத வாடகை. பர்ஸை எடுக்குமுன் ஒரு நிமிஷம்!

கேபிளில் போவது பாட்டு இல்லை. வெறும் பூஜ்யமும் ஒன்றும். அதைப் பாட்டாக மாற்றுவது மறுமுனையில் இருக்கும் 'டாக்' என்கிற பெட்டி. சி.டி. தரப் பாட்டுக்கு விநாடிக்குச் சுமார் 14 லட்சம் பிட் போதும். யு.எஸ்.பி. 2.0வின் உச்ச வேகமோ 48 கோடி! எட்டுவழிச் சாலையில் ஒற்றை சைக்கிள்.

கேபிள் பழுதென்றால் 'டப் டப்' என்று சத்தம் வரும். பாட்டு விட்டுவிட்டுக் கேட்கும். 'தபேலா மந்தம், வயலின் மங்கல்' என்றெல்லாம் ஆகாது. ஆபீஸ் பிரிண்டருக்குத் தங்க முலாம் கேபிள் போட்டால் லீவ் லெட்டர் அழகாகிவிடுமா, என்ன?

ஒன்று நிஜம். கம்ப்யூட்டரின் மின் இரைச்சல் கேபிள் வழியே நுழைந்து 'உய்ங்' என்று கேட்கலாம். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பல சமயம் அதுவே நின்றுவிடும். செலவு பூஜ்யம்!

இன்னும் சந்தேகமா? கண்ணை மூடிக்கொண்டு, நண்பரை விட்டுக் கேபிளை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். பத்துக்கு ஒன்பது சரியாகச் சொன்னால் தாராளமாக வாங்குங்கள். ஐந்துதான் என்றால் அது குருட்டாம்போக்கு. அந்தப் பணத்துக்கு நல்ல ஹெட்போன் வாங்கலாம். வித்தியாசம் அதில் கேட்கும்... வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிற சத்தமும் கேட்காது!