நன்றாகச் சாப்பிட்டால் ஈரல் தப்புமா?

கடந்த இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமைக் காலை. வோபர்னில் நடைபெறும் எமது வகுப்பிலே திருக்குறளின் 93ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமையைப் படிப்பித்துக்கொண்டிருந்தோம். பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் கையை உயர்த்தினான்.

"சேர், நல்லாச் சாப்பிட்டிட்டுக் குடிச்சால் உடம்புக்கு ஒண்டும் செய்யாதெண்டு பெரியாக்கள் சொல்லுகினம். அது உண்மையோ?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. எமக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த கிழமை சொல்வதாகக் கூறிப் பாடத்தைத் தொடர்ந்தோம். அடுத்த கிழமை சொன்னதும் அரைகுறை விடையே. முழு விடையை இம்மலரின் வாயிலாக மாணவர்க்கும் பெற்றோர்க்கும் ஒருங்கே கூற விழைகிறோம்.

எம்மவர் கொண்டாட்டங்களில் போத்தலுக்கு அருகே இறைச்சிப் பிரட்டலும் பொரியலும் இருந்தே தீரும். வெறும் வயிற்றில் குடிப்பவனுக்குத்தான் ஈரல் பழுதாகும் என்பது பலரது நம்பிக்கை. இது வெறும் ஊர்ப்பேச்சு அன்று. ஒருகாலத்தில் மருத்துவ உலகமும் ஏறத்தாழ இவ்வாறே எண்ணியது. அவ்வெண்ணத்துக்கு வலுவூட்டிய ஆய்வொன்று நாம் வாழும் இந்த ரொறன்ரோ நகரிலேயே நடந்தது என்பதை அறிந்தபோது நாம் வியந்தோம்.

1921ஆம் ஆண்டில் பண்டிங் என்பாருடன் சேர்ந்து இன்சுலினைக் கண்டறிந்தவர் சார்ள்ஸ் பெஸ்ற். நீரிழிவு நோயாளர் இலட்சக்கணக்கானோரை வாழவைத்த பெருமகன் அவர். அவரும் அவருடைய குழுவினரும் 1949இல் எலிகளைக் கொண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். சத்துக் குறைந்த உணவுடன் மதுசாரம் பெற்ற எலிகளின் ஈரலில் கொழுப்புப் படிந்தது. மதுசாரத்துக்குப் பதிலாகச் சீனி பெற்ற எலிகளுக்கும் அவ்வாறே நேர்ந்தது. கோலீன் என்னும் சத்தைச் சேர்த்தபோது இரு கூட்டத்து எலிகளின் ஈரலும் காக்கப்பட்டது. ஆகவே, ஈரலைக் கெடுப்பது மதுசாரம் அன்று, சத்துக் குறைவே என்று அவர்கள் முடிவு கூறினர். குடிப்பவர்களிற் பலர் ஒழுங்காக உண்ணாதவர்கள் ஆதலால் அம்முடிவு பொருத்தமாகவே தோன்றியது.

இம்முடிவை மாற்றியமைத்தவர் சார்ள்ஸ் லீபர் என்னும் மருத்துவ ஆய்வாளர். 1931இல் பெல்ஜியத்தில் பிறந்த இவர், பின்னர் அமெரிக்காவுக்குப் பெயர்ந்து, நியூயோர்க்கின் பிறொங்ஸ் பகுதியிலுள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் நீண்டகாலம் பணியாற்றினார். 2009இல் காலமானார்.

லீபர் முதலில் ஒரு சிறிய உண்மையைக் கவனித்தார். எலிக்கு மதுசாரத்தின் சுவை பிடிக்காது. குடிநீரில் அதைக் கலந்து வைத்தால் எலி போதிய அளவு குடிப்பதில்லை. அவ்வாறாயின், அச்சோதனை மிதமிஞ்சிக் குடிக்கும் மனிதனின் நிலையை எவ்வாறு காட்டும்? எனவே லீபரும் அவருடைய சக ஆய்வாளரான டிகார்லி அம்மையாரும் சத்துகள் அனைத்தும் நிறைந்த திரவ உணவொன்றைத் தயாரித்து, அதிலேயே மதுசாரத்தைக் கலந்தனர். எலி உண்ண வேண்டுமாயின் இரண்டையும் சேர்த்தே உட்கொள்ள வேண்டும். அவ்வெலிகள் நல்லுணவு உண்டன. ஆயினும் அவற்றின் ஈரலில் கொழுப்புப் படிந்தது.

அடுத்த வினா மனிதரைப் பற்றியது. தாமாக முன்வந்தோருக்குப் புரதம் மிகுந்த, கொழுப்புக் குறைந்த உணவுடன் மதுசாரம் கொடுத்து, 1968இல் அதன் முடிவை வெளியிட்டனர். அவர்களது ஈரலிலும் கொழுப்புப் படிந்திருந்தது. பின்னர் பபூன் குரங்குகளுக்குச் சத்துணவுடன் நெடுங்காலம் மதுசாரம் கொடுத்தனர். அவற்றுட் சில, சிரோசிஸ் எனப்படும் ஈரல் இறுகும் நோய்க்கு ஆளாயின. இது 1974இல் வெளிவந்தது. மதுசாரமே ஈரலுக்கு நஞ்சு, நல்லுணவு அதற்குக் கவசம் ஆகாது என்பது இவ்வாறு நிலைநாட்டப்பட்டது. சத்துக்குறைவு நோயை மோசமாக்கும் என்பது மெய்யே. ஆனால் சத்துணவு நோயைத் தடுக்காது.

இது எவ்வாறு நிகழ்கிறது? நாம் உட்கொள்ளும் மதுசாரம் இரைப்பையிலும் சிறுகுடலிலும் உறிஞ்சப்பட்டு, ஈரல் வாயிநாளத்தின் வழியாக முதலில் ஈரலையே சென்றடைகிறது. அங்கே நொதியங்கள் அதனை அசற்றல்டிகைட்டு என்னும் பொருளாக மாற்றுகின்றன. அது மதுசாரத்தைவிடக் கொடிய நஞ்சு. இவ்வேலையில் ஈடுபட்டிருக்கும்போது ஈரல் கொழுப்பை எரிக்கும் தன் வழமையான பணியைப் பின்போடுகிறது. எரியாத கொழுப்பு ஈரலிலேயே தங்குகிறது. வயிற்றில் உணவு இருந்தால் மதுசாரம் மெதுவாக உறிஞ்சப்படும், போதை தாமதமாகும். ஊர் நம்பிக்கையில் உள்ள உண்மை இவ்வளவே. குடித்ததிற் பெரும்பகுதியைக் கையாளும் சுமை கடைசியில் ஈரலுக்கே உரியது.

"அவர் எவ்வளவு குடிச்சாலும் தாங்குவார்" என்று சிலரைப் புகழ்வதுண்டு. மதுசாரத்தை உடைப்பதற்கு ஈரலில் இரண்டாவது பாதையொன்று உண்டென்பதையும் லீபரும் டிகார்லியும் 1968இல் அறிவித்தனர். தொடர்ந்து குடிப்பவரில் இப்பாதை அகன்று விரைவாக வேலை செய்யும். தாங்கும் சக்தி கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அதே பாதைதான் சாதாரண பரசிற்றமோல் மாத்திரையையும் நச்சுப் பொருளாக மாற்றுகிறது. ஆகவே நாள்தோறும் குடிப்பவர், தலையிடிக்கென டைலனோலோ பனடோலோ எடுப்பதற்குமுன் மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும். மேலும், பெண்களின் இரைப்பையில் மதுசாரத்தை உடைக்கும் நொதியம் குறைவாகத் தொழிற்படுவதால், ஒரே அளவு குடித்தாலும் அவர்களது குருதியில் கூடுதலாகச் சேர்கிறது என்பதை இத்தாலிய ஆய்வாளருடன் சேர்ந்து 1990இல் லீபர் வெளிப்படுத்தினார்.

ஈரல் நோய் மூன்று நிலைகளாக வளர்கிறது. முதலாவது கொழுப்புப் படிதல், இரண்டாவது அழற்சி, மூன்றாவது தழும்பேறி இறுகுதல். முதல் நிலையில் வலி இல்லை; வெளியே அடையாளமும் இல்லை. ஆனால் அந்நிலையில் குடியை நிறுத்தினால், சில கிழமைகளிலேயே ஈரல் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். கண் மஞ்சளாகி, வயிற்றில் நீர் கோக்கும் நாள்வரை காத்திருந்தால் அந்த வாய்ப்பு கைநழுவிவிடும்.

இதனை நாம் நூலில் மட்டும் கற்கவில்லை. ஊரில் எம்முடன் ஒரே பாடசாலையில் கணிதம் கற்பித்த நண்பர் ஒருவர் எமக்குப் பின்னர் கனடாவுக்கு வந்து சேர்ந்தார். இரவு வேலை, குளிர், பிரிந்திருந்த குடும்பம். சனி ஞாயிறுகளில் குடிக்கத் தொடங்கியவர் பின்னர் நாள்தோறும் குடித்தார். நாம் அவரைத் தடுக்கவில்லை. "வெறும் வயிற்றில் குடியாதேயுங்கோ மாஸ்ரர்" என்று சொல்லி, இறைச்சிக் கறியும் சோறும் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்தோம். நல்லது செய்வதாகவே எண்ணினோம். மனைவியும் பிள்ளைகளும் இங்கு வந்து இறங்குவதற்கு முன்பே, 44 வயதில், ஈரல் இறுகி அவர் மறைந்தார். எமது வகுப்பில் அச்சிறுவன் கேட்டது அவரைப் பற்றிய கேள்வியாகவே எமக்குப் பட்டது.

பெற்றோர்களே, கனடாவில் 2023 ஜனவரியில் வெளியான வழிகாட்டல், கிழமைக்கு இரண்டு நியம அளவுக்கு மேற்படாதிருந்தாலே ஆபத்துக் குறைவு என்கிறது. ஒரு நியம அளவு என்பது 341 மில்லிலீற்றர் பியர், அல்லது 142 மில்லிலீற்றர் வைன், அல்லது 43 மில்லிலீற்றர் விஸ்கி. இது கிழமைக்குரிய கணக்கு, ஓரிரவுக்கு உரியதன்று. சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற வேறுபாடு அதில் இல்லை.

நெடுநாள் கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு முதலிய ஆபத்துகள் நேரலாம். ஆதலால் குடும்ப மருத்துவரின் துணையோடு நிறுத்துவதே முறை. ஈரலின் நிலையைக் குருதிப் பரிசோதனை மூலமும் ஸ்கான் மூலமும் அறியலாம். மருத்துவரிடம் உண்மையான அளவைச் சொல்லுங்கள். இது வெட்கப்படவேண்டிய குற்றமன்று, வைத்தியம் உள்ள நோய்.

மாணவச் செல்வங்களே, பெரியவர்களோடு வாதாடுவது உங்கள் கடமையன்று. ஆனால் கேள்வி கேட்பது உங்கள் உரிமை. சார்ள்ஸ் பெஸ்ற் போன்ற பேரறிஞரின் முடிவையும் பணிவோடு மீண்டும் சோதித்துப் பார்த்ததனாலன்றோ உண்மை வெளிவந்தது! அன்று எம்மைக் கேட்ட தம்பிக்கு இப்போது எமது விடையைச் சொல்கிறோம்: உண்மை இல்லை, தம்பி. எவ்வளவு நன்றாகச் சாப்பிட்டாலும் ஈரல் தப்பாது. இப்பக்கத்தை வீட்டில் உரத்து வாசித்துக் காட்டு.