பல்லாங்குழியில் வந்த கணக்கு

என் பேரனுக்கு நாலரை வயசு. மகளும் மருமகனும் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். அதனால் லீவு விட்டால் பிள்ளை நாகரசம்பட்டிக்கு என்னிடம் வந்துவிடுவான். போன கோடையில் வந்தபோது, ஒன்று முதல் நூறு வரை மூச்சு விடாமல் ஒப்பித்தான். அக்கம்பக்கத்தில் எல்லோரும் மெச்சினார்கள். எனக்கும் பெருமைதான். புளியில் கொட்டை எடுத்துக் கொண்டிருந்த நான், "கண்ணு, ஆயாவுக்கு எட்டுக் கொட்டை எடுத்துக் குடு" என்றேன். அள்ளிக் கொண்டு வந்து கொட்டினான். எண்ணிப் பார்த்தால் பதிமூணு!

அது கூடப் பரவாயில்லை. நோட்டை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்து கொண்டான். விசாரித்தால், வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று மகள் இரண்டு மூன்று தடவை அடித்திருக்கிறாள். அலுத்துப் போய் வீடு திரும்புகிறவள், அவளையும் குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் ஒன்றாம் வகுப்புக்கு முன்பே கணக்கென்றால் நடுங்குகிற பிள்ளை, பிறகு எப்படிப் படிக்கும்?

பரணில் கிடந்த என் அம்மாவின் பல்லாங்குழியை இறக்கினேன். ஏழும் ஏழும் பதினாலு குழி. முதல் வாரம் ஆட்டமே கிடையாது. குழிக்கு அஞ்சு அஞ்சாகக் கொட்டை போடுவது மட்டும்தான். அப்போதுதான் விஷயம் புரிந்தது. "ரெண்...டு" என்று இழுத்தால் இரண்டு கொட்டை விழும்! ஒரு சொல்லுக்கு ஒரு கொட்டை என்பதே அவனுக்குத் தெரியவில்லை. நூறு வரை அவன் சொன்னது வெறும் பாட்டு.

பத்து நாளில் கை பழகியது. பிறகு ஆட்டம். ஒரு குழியில் நாலு சேர்ந்தால் 'பசு' என்று எடுத்துக் கொள்வோம் அல்லவா? அந்த ஆசையில், எண்ணாமலே பார்த்தவுடன் நாலைக் கண்டுபிடித்தான். மூன்று கிடந்தால், "இன்னும் ஒண்ணு விழுந்தா பசு, ஆயா" என்பான். கூட்டல் தானாக வந்தது. வெறும் குழியைத் துடைக்கும்போது பூஜ்யமும் புரிந்தது.

ஒருநாள் ஆளுக்கு எட்டுக் கொட்டையை வரிசையாக வைத்தோம். என்னுடையதைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்தேன். "உனக்குத்தான் நிறைய" என்று ஒரே அழுகை! இந்த வயசில் பிள்ளைகள் வரிசையின் நீளத்தைப் பார்த்துத்தான் அதிகம், குறைவு சொல்லும் என்று ஸ்விட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே சோதித்துப் பார்த்து எழுதியிருக்கிறார். அதனால் திட்டாமல், ஜோடி ஜோடியாகச் சேர்த்து வைத்துக் காட்டினேன்.

கையில் பொருளைக் கொடுத்துக் கணக்கு சொல்லித் தரும் முறையை, மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குக் கற்றுக் கொடுத்தார். தமிழக அரசு 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் சின்ன வகுப்புகளுக்கு ஆடல் பாடலோடுதான் பாடம். நம் பாட்டிமார்கள் இதைப் பெயர் வைக்காமலே செய்திருக்கிறார்கள். நமக்குப் பக்கத்திலேயே கன்னடக்காரர்கள் பல்லாங்குழியை 'அளகுளிமணெ' என்பார்கள், தெலுங்கர்கள் 'வாமன குண்டலு' என்பார்கள். ஓசூரில் பழகிய என் பேரன் ஒன்று, ஒந்து, ஒகட்டி என்று மூன்று பாஷையிலும் எண்ணுகிறான்!

பல்லாங்குழி இல்லாதவர்கள் தரையில் சாக்பீஸால் பதினாலு வட்டம் போட்டால் போதும். ஒரு எச்சரிக்கை: மூன்று வயசுக்குக் குறைந்த பிள்ளைகள் கொட்டையை மூக்கிலும் வாயிலும் போட்டுக் கொள்ளும். அவர்களுக்கு எலுமிச்சம்பழம் மாதிரிப் பெரிய பொருளாகக் கொடுங்கள். நாமும் பக்கத்திலேயே உட்கார வேண்டும்.

மகள் முதலில், "விளையாட்டுக் காட்டிக் கெடுக்கிறேம்மா" என்று கோபித்துக் கொண்டாள். லீவு முடிந்து அழைத்துப் போக வந்த அன்று, தட்டில் ஏழு முறுக்கு வைத்தேன். பேரனே எடுத்து எங்கள் மூன்று பேருக்கும் இரண்டு இரண்டாகக் கொடுத்து விட்டு, "ஒண்ணு மிச்சம். அது அம்மாவுக்கு" என்றான். அவள் ஒன்றும் பேசவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது பல்லாங்குழியைப் பையில் எடுத்து வைத்துக் கொண்டாள்.

3-ஐ மட்டும் இன்னும் திருப்பிப் போட்டுத்தான் எழுதுகிறானாம்.

- ஒரு வாசகி, நாகரசம்பட்டி